அரிசி, வெங்காயம், கோழி: எந்த நாட்டுச் சரக்கை நம்பி ஓராண்டுக்கு விலை சொல்வது?

சிங்கப்பூரில் அக்காவும் நானும் நடத்தும் சமையற்கூடத்தில் ஆண்டுக்கு ஒரு முறை இந்தப் பேச்சு வந்தே தீரும். மதியச் சாப்பாடு எடுக்கும் இரண்டு தொழிலாளர் தங்குவிடுதிகளுக்கும் ஒரு கப்பல் பட்டறைக்கும் 12 மாதத்துக்கு ஒரே விலை சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சாப்பாடு இத்தனை வெள்ளி என்று எழுதிக் கொடுத்தபின், இந்தியா அரிசிக்கு வரி போட்டாலும் மலேசியா கோழியை நிறுத்தினாலும் அது எங்கள் தலையில்தான் விடியும். காலையிலிருந்து வெயிலில் நின்றுவிட்டு வந்து டப்பாவைத் திறக்கிற தம்பிகளிடம் போய் இந்தியாவில் தடை, அதனால் இன்றைக்குக் குழம்பு இப்படி என்று சொல்ல முடியுமா?

2023ல் நாங்கள் பட்டது இன்னும் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்ட் 19ல் வெங்காயத்துக்கு 40 விழுக்காடு ஏற்றுமதி வரி. ஒரு வாரம் கழித்து ஆகஸ்ட் 25ல் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு. டிசம்பர் 8ல் வெங்காயத்துக்கு முழுத் தடை. எங்கள் ஒப்பந்த விலை மட்டும் ஒரு காசு அசையவில்லை. அந்த ஆண்டின் கடைசி நான்கு மாதம் அக்கா தனக்குச் சம்பளம் எடுக்கவில்லை, என்னிடமும் அதைச் சொல்லவில்லை, நான் கணக்கு முடிக்கும்போதுதான் தெரிந்தது.

அதனால் இந்த முறை வெறும் கிலோ விலையைப் பார்த்து முடிவு செய்வதில்லை என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு சரக்குக்கும் எந்தெந்த நாடு, எது எங்கே காலை வாரியது, எது வாரவில்லை என்று எழுதினேன். இதே மாதிரி சின்னச் சமையற்கூடமோ உணவங்காடிக் கடையோ வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கோயிலில் அன்னதானத்துக்கு மூட்டை வாங்கிப் போடும் குழுவில் இருப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதை நானே பல காலம் தப்பாகப் புரிந்து வைத்திருந்தேன். வர்த்தகத்தைத் திறந்துவிட்டால் விலை குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சிங்கப்பூரில் இனிமேல் திறந்துவிட ஒன்றுமே இல்லை. மது, புகையிலை, பெட்ரோலியப் பொருள்கள், வாகனங்கள் இவற்றை விட்டால் வேறு எதற்கும் இங்கே சுங்க வரி கிடையாது. அரிசிக்கும் பருப்புக்கும் நாம் கட்டுவது பொருள் சேவை வரி மட்டும்தான், அது 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு. இந்தியாவோடு 2005ல் நடப்புக்கு வந்த பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாடு இருக்கிறது, 2022ல் தொடங்கிய ஆர்செப் என்ற வட்டார வர்த்தக உடன்பாடு இருக்கிறது, ஆசியான் தடையற்ற வர்த்தகப் பகுதி 1992லேயே பேசி முடித்தது. இவற்றால் நம் அரிசி விலை நேரடியாகக் குறையாது, நம் பக்கக் கதவு ஏற்கெனவே அகலத் திறந்து கிடக்கிறது. மாறுவதெல்லாம் அக்கம்பக்கத்து நாடுகளின் கதவுதான். அவர்கள் கதவைத் திறந்து இறக்குமதி செய்யத் தொடங்கினால் நாம் வாங்கும் அதே சந்தையில் புதிதாக ஒருவர் வந்து நிற்கிறார். அவர் கையில் முன்னைவிடக் காசும் இருக்கிறது.

ஆட்டிறைச்சியைப் பாருங்கள். நமக்கு வரும் ஆட்டில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது. 2015 டிசம்பரில் சீன-ஆஸ்திரேலியத் தடையற்ற வர்த்தக உடன்பாடு நடப்புக்கு வந்தது, சீனாவில் ஆஸ்திரேலிய ஆட்டுக்கான வரி படிப்படியாக இறங்கியது, அங்கே சம்பாத்தியம் ஏறிய குடும்பங்கள் ஆடும் மாடும் வாங்கத் தொடங்கின. தேக்காவில் ஆட்டுக்கறிக் கடைக்காரர் விலையை ஏற்றினால் அவரை முறைத்துப் பயனில்லை, அவர் ஏலத்தில் தோற்றுவிட்டு வந்து நிற்கிறார். டுரியானும் அப்படித்தான். 2022ல் வியட்நாமின் உறையவைக்காத டுரியானுக்கும் 2024ல் மலேசியாவின் உறையவைக்காத டுரியானுக்கும் சீனா அனுமதி கொடுத்தது, முன்பு ஜொகூரிலிருந்தும் பகாங்கிலிருந்தும் நேராக நமக்கு வந்த பழத்துக்கு இப்போது இன்னொரு ஊரும் கை நீட்டுகிறது.

இத்தனையையும் எழுதிப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது ஒரு கேள்விதான். சரக்கை விற்கிற நாட்டில், அதே சரக்கு அந்த ஊர் ஏழை வீட்டு அடுப்பிலும் தினமும் ஏறுகிறதா? ஏறுகிறது என்றால், விலை கூடும்போது அந்த அரசு முதலில் தன் மக்களைத்தான் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். இதில் நாம் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அதனால் என் குறிப்பேட்டில் கிலோ விலைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டேன். 2019இலிருந்து இந்தச் சரக்குக்கு அந்த நாடு எத்தனை முறை கதவைச் சாத்தியது, அதாவது ஏற்றுமதியைத் தடுத்தது என்று அதில் எழுதினேன். அந்தக் கட்டம்தான் இந்த ஆண்டு எங்கள் முடிவையே மாற்றியது.

அரிசியிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் பணம் அதிகம்.

எங்கள் முன்னால் இருப்பது மூன்று. தமிழ்நாட்டுப் பொன்னி புழுங்கல், தாய்லாந்து அரிசி, வியட்நாம் அரிசி. ருசியில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. பொன்னி புழுங்கலைக் காலை பத்து மணிக்கு வடித்து டப்பாவில் போட்டால், ஒரு மணிக்குத் திறக்கும்போதும் பருக்கை பருக்கையாக நிற்கும், சாம்பாரை ஊற்றினால் குழையாமல் உறிஞ்சும். தாய்லாந்து மல்லிகை அரிசி சூட்டில் வாசமாக, மெத்தென்று இருக்கும், அப்போது அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மூடிய டப்பாவில் மூன்று மணி நேரம் கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், அதில் ரசம் ஊற்றினால் கூழ்தான். நான் ஒருமுறை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வாரம் முழுக்கப் புது அரிசியைப் போட்டேன். வியாழக்கிழமை விடுதியிலிருந்து திரும்பி வந்த டப்பாக்களைக் கழுவும் இடத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, டப்பா அடியில் அப்படியே கட்டியாக ஒட்டியிருந்த சோற்றைக் காட்டினார். "தம்பி, விலையைக் கேட்டியே, இதைக் கேட்டியா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பொன்னியைப் பற்றி ஒரு சேதி சொல்லத் தோன்றுகிறது. இதை நாம் காவிரிக் கரைச் சொத்து என்று நினைக்கிறோம், பெயரும் அப்படித்தான். ஆனால் அதன் வேர் மலாயாவின் மயாங் எபோஸ் என்ற நெல்லும் தைவானின் தைச்சுங் 65ம் சேர்ந்த மசூரி, 1965ல் மலேசியாவில் வெளியிடப்பட்டது. அது தமிழ்நாட்டுக்குப் போய்ப் பொன்னியானது, அதிலிருந்து தேர்ந்தெடுத்த மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியை 1986ல் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இந்த வட்டாரத்து நெல்தான் தஞ்சாவூருக்குப் போய், நம் நாக்குக்குப் பழகி, மூட்டையில் திரும்பி வருகிறது.

சரி, கதவுக்கு வருவோம். உலக அரிசி வர்த்தகத்தில் கிட்டத்தட்ட 40 விழுக்காடு இந்தியாவினுடையது. அவ்வளவு பெரிய கடை. ஆனால் அதே இந்தியா சுமார் 80 கோடிப் பேருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியம் இலவசமாகக் கொடுக்கிறது, அந்தத் திட்டத்தை 2024 ஜனவரியிலிருந்து இன்னும் ஐந்தாண்டுக்கு நீட்டித்திருக்கிறது. 2023ல் எல் நினோவால் மழை ஏமாற்றிவிடுமோ என்ற பயம், அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல், இந்த இரண்டும் சேர்ந்தபோது கிடங்கைக் காப்பதுதான் எந்த அரசுக்கும் முதல் வேலை. சிங்கப்பூர் பேசி, நம் இரு நாட்டு உறவைக் காட்டி, ஆகஸ்ட் கடைசியில் 50,000 டன்னுக்குத் தனி அனுமதி வாங்கியது. அது பெரிய உதவி, மறுக்கவில்லை. இன்னொரு பாதுகாப்பும் நமக்கு இருக்கிறது, இங்கே அரிசி இறக்குமதி செய்பவர்கள் மாத இறக்குமதியைப்போல் இரண்டு மடங்கைக் கையிருப்பாக வைத்தாக வேண்டும், அந்தத் திட்டத்தில் பொன்னியும் புழுங்கலும் அடக்கம். அதனால் கடையில் அரிசி காணாமல் போகவில்லை. விலை போனது. எங்களுக்கு வலித்தது அதுதான், கையிருப்புத் திட்டம் தட்டுப்பாட்டைத் தடுக்கும், என் ஒப்பந்த விலையைக் காப்பாற்றாது.

தடை 2024 செப்டம்பர் 28ல் நீங்கியது, அக்டோபரில் புழுங்கல் வரியும் போனது. அதன்பின் நல்ல விளைச்சல், 2025ல் அரிசி விலை பல ஆண்டு காணாத அளவுக்கு இறங்கியது. எங்கள் விற்பனையாளர் இப்போது நல்ல விலை சொல்கிறார், "இதைவிடக் கீழே போகாது அண்ணே, முழுசா எடுத்துக்கங்க" என்கிறார். அவர் சொல்லும் விலை உண்மைதான். கதவைப் பற்றி அவரால் உறுதி சொல்ல முடியாது.

தாய்லாந்து எப்படி? 2008ல் உலகமே அரிசிக்கு அலைந்தபோது இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின, தாய்லாந்து சாத்தவில்லை. தாய்லாந்து அரிசி டன்னுக்கு அமெரிக்க வெள்ளி 1,000ஐ நெருங்கியது, ஆனால் கப்பல் வந்தது. அந்த ஆண்டு தாய்லாந்துப் பிரதமர் சமாக், அரிசி விற்கும் நாடுகளெல்லாம் எண்ணெய் நாடுகள்போல ஒரு கூட்டணி அமைக்கலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார், சில நாளிலேயே கைவிட்டார். 2023லும் அதே கதை, இந்தியா சாத்தியதும் தாய்லாந்து விலை 15 ஆண்டில் இல்லாத உயரத்துக்குப் போனது, அரிசி மட்டும் நிற்கவில்லை. ஆக, தாய்லாந்தை நம்பினால் சரக்கு வரும், விலைக்கு உறுதி இல்லை.

வியட்நாம் இரண்டுக்கும் நடுவில். 2020 மார்ச் 24ல், கோவிட் பயத்தில், ஏற்றுமதியை நிறுத்தியது, ஏப்ரலில் 400,000 டன் என்று அளவு வைத்து விட்டது, மே முதல் பழையபடி திறந்தது. அதாவது சாத்துவார்கள், சீக்கிரம் திறப்பார்கள். ஆனால் வியட்நாம் விலையைப் புரிந்துகொள்ள ஹனோயைவிட மணிலாவைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பிலிப்பீன்ஸ் 2019ல் சட்டம் போட்டு அரிசி இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு ஆசியான் அரிசிக்கு 35 விழுக்காடு வரி மட்டும் வைத்தது, 2024 நடுவில் அதையும் 15 விழுக்காடாக இறக்கியது. கதவு திறந்ததும் உலகிலேயே அதிகம் அரிசி வாங்கும் நாடாகிவிட்டது, வாங்குவதில் பெரும்பகுதி வியட்நாமிடம். 2025 செப்டம்பரில் தன் விவசாயிகளைக் காக்க அதே பிலிப்பீன்ஸ் இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியபோது வியட்நாம் விலை சரிந்தது. அங்கே ஒரு கையெழுத்து விழுந்தால் இங்கே ஜூரோங்கில் என் மூட்டை விலை மாறுகிறது.

அரிசியில் எங்கள் முடிவு: பொன்னியை விடுவதில்லை, ஆனால் பொன்னி மட்டும் என்பதும் இனி இல்லை. வாரத்தில் நான்கு நாள் சோறு, சாம்பார், குழம்பு, அதற்குப் பொன்னி புழுங்கல்தான். ஒரு நாள் தயிர்சாதமும் இன்னொரு நாள் பொங்கலும் செய்கிறோம், அந்த இரண்டுக்கும் குழைகிற அரிசிதான் வேண்டும், தாய்லாந்து அரிசி அதற்கு ஒத்துவரும். பொரித்த சோறு செய்யும் நாளுக்கு வியட்நாமின் நீள அரிசி, அதைச் சமைத்து ஒரு இரவு குளிரூட்டியில் வைத்தால் உதிரியாகிவிடுகிறது. இப்படிப் பிரித்தால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல்தான் ஆகிறது, மொத்தமாக எடுக்கும் தள்ளுபடியும் போகிறது. ஆனால் வாரந்தோறும் வாங்கும் கடைக்காரர்தான் நெருக்கடி நாளில் "உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்" என்பார். 2023 ஆகஸ்டில் நான் முதல்முறையாகப் போய்த் தாய்லாந்து அரிசி கேட்ட கடையில், பழைய வாடிக்கையாளர்களுக்கே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் செய்ததில் தப்பில்லை.

வெங்காயம் இதைவிடச் சிக்கல், ஏனென்றால் அதைச் சேமிக்க முடியாது. நம் ஊர் ஈரக்காற்றில் மூட்டையைச் சுவரோரம் வைத்தால் மூன்றாவது வாரம் அடியில் ஒன்று அழுகும், அப்புறம் வாசமே சொல்லிவிடும். அரிசிபோல இரண்டு மாதக் கையிருப்பு என்ற பேச்சே இல்லை.

என் குறிப்பேட்டில் அதிகக் கோடு விழுந்த சரக்கும் இதுதான். 2019 செப்டம்பர் 29ல் இந்தியா தடை போட்டு அடுத்த மார்ச்சில் எடுத்தது. 2020 செப்டம்பர் 14ல் மறுபடி தடை, ஆண்டு கடைசிவரை. 2023 டிசம்பர் தடை 2024 மே 4 வரை நீண்டது, அதன்பிறகும் குறைந்தபட்ச ஏற்றுமதி விலையும் 40 விழுக்காடு வரியும் இருந்தன, வரி முழுதாகப் போனது 2025 ஏப்ரல் 1ல்தான். தேதிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மாதங்களைப் பாருங்கள்: ஆகஸ்ட், செப்டம்பர், டிசம்பர். மகாராஷ்டிரத்தில் மார்ச்சிலிருந்து மே வரை எடுக்கும் வெங்காயத்தைத்தான் கிடங்கில் வைத்து மழைக்காலம் முழுக்க விற்கிறார்கள், புது மகசூல் அக்டோபருக்கு மேல்தான் வரும். நடுவில் கிடங்கு காலியாகும் மாதங்களில் மழையும் கெடுத்தால் டெல்லியில் விலை ஏறும், கதவு சாத்தப்படும். நமக்கு அது தீபாவளி நேரம், வெங்காயம் அதிகம் வேண்டிய நேரம்.

கதவு சாத்தும்போது அங்கேயும் ஒரு தரப்பு அடிபடுகிறது என்பதைச் சொல்லாமல் போகக் கூடாது. 2023 டிசம்பர் தடை வந்ததும் நாசிக் பக்கம் விலை விழுந்தது, விவசாயிகளும் வியாபாரிகளும் ஏலத்தை நிறுத்திப் போராடினார்கள். இங்கே நான் அதிக விலை கொடுத்த அதே வாரத்தில் விளைவித்தவருக்குக் குறைவாகக் கிடைத்தது. அந்த நினைப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மாற்று எது? சீன வெங்காயம் பெரிது, உரிப்பது சுலபம், ஆள் கூலியில் மிச்சம். ஆனால் தண்ணீர் அதிகம். இருபது கிலோ நறுக்கிப் பெரிய வாணலியில் போட்டால் முதல் கால் மணி நேரம் வதங்குவதற்குப் பதில் வேகிறது, பொன்னிறம் வர நேரமும் எரிவாயுவும் கூடுதல், குழம்பு கொஞ்சம் இனிக்கும். நெதர்லாந்து வெங்காயம் கெட்டி, தோல் இறுக்கம், நாள்பட நிற்கும், காரம் இந்திய வெங்காயத்துக்கு ஓரளவு கிட்டே வரும். ஆனால் தூரம், 2023 கடைசியிலிருந்து செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த கப்பல்களால் அது இன்னும் தூரமானது. அக்கா இரண்டையும் ஒரே நாளில் இரண்டு அடுப்பில் வதக்கிக் காட்டினார். நெதர்லாந்து வெங்காயத்தில் மசாலா ஒட்டியது, சீன வெங்காயத்தில் மசாலா மிதந்தது. சோயா சேர்த்த வறுவலுக்கும் நூடல்சுக்கும் சீன வெங்காயம் குறையில்லை.

ஆக வெங்காயத்துக்கு ஒரே விடை கிடையாது, நாள்காட்டிதான் விடை. பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை இந்திய வெங்காயம் முழுசாக. ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை பாதிக்குப் பாதி, மறுபாதியில் குழம்புக்கு நெதர்லாந்து, மற்றதுக்குச் சீனா. தடை வரட்டும் வராமல் போகட்டும், ஆகஸ்ட் முதல் வாரமே மாறிவிடுவது. தடை வந்தபிறகு பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்துக்கு ஓடினால் எல்லாரும் அங்கே நிற்பார்கள்.

கோழியில் சிங்கப்பூருக்கே ஒரு பாடம் கிடைத்தது, 2022 ஜூன் 1 எல்லாருக்கும் நினைவிருக்கும். மலேசியா மாதம் 36 லட்சம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு நம் கோழியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது, கிட்டத்தட்ட எல்லாம் உயிரோடு வந்து இங்கே அறுத்துக் குளிரவைத்து விற்பது. ஏன் நிறுத்தினார்கள் என்பதுதான் நான் சொல்லும் கேள்விக்குச் சரியான உதாரணம். மலேசியர்கள் உலகிலேயே அதிகம் கோழி சாப்பிடுபவர்களில் சேர்த்தி, அங்கே கோழிதான் சாதாரணக் குடும்பத்தின் கறி. அரசு கிலோவுக்கு 8.90 ரிங்கிட் என்று உச்சவிலை வைத்திருந்தது. தீவனச் சோளமும் சோயாவும் வெளியிலிருந்து வருபவை, உக்ரேன் போருக்குப்பின் அவற்றின் விலை ஏறியது, உச்சவிலைக்குள் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை, உள்ளூரில் கோழி குறைந்தது. அப்புறம் ஏற்றுமதியை நிறுத்துவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. பொதுவான இறைச்சிக்கோழி மறுபடி வந்தது அக்டோபரில்தான். அந்த விலைக் கட்டுப்பாட்டை மலேசியா 2023 நவம்பர் 1ல் எடுத்துவிட்டது, அதனால் அதே காரணத்தால் அதே தடை வரும் வாய்ப்பு முன்னைவிடக் குறைவு என்று நினைக்கிறேன்.

பிரேசில் உறைந்த கோழி வேறு ஜாதி. அவர்களும் நிறையச் சாப்பிடுகிறார்கள், ஆனால் உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெளியே விற்கவே வளர்க்கிறார்கள், உலகின் மிகப்பெரிய கோழி ஏற்றுமதியாளர், மத்தியக் கிழக்குக்கு விற்றே பழகியவர்கள் என்பதால் ஹலாலும் சிக்கலில்லை. அங்கே ஆபத்து அரசிடமிருந்து வருவதைவிட நோயிலிருந்து வரும், 2025 மே மாதம் ஒரு வணிகப் பண்ணையில் முதல்முறையாகப் பறவைக் காய்ச்சல் வந்தபோது சீனா உட்படப் பல நாடுகள் சில காலம் வாங்குவதை நிறுத்தின. இந்தோனேசியாவை 2022 ஜூன் 30ல் சிங்கப்பூர் உணவு அமைப்பு அங்கீகரித்தது, விலையும் குளிர்ந்த கோழியாகக் கிடைப்பதும் நல்லது, எங்களுக்கு வேண்டிய வெட்டு எப்போதும் கிடைப்பதில்லை.

சமைக்கிற விஷயத்தில்: உறைந்த தொடையை முதல் நாள் மாலை குளிரூட்டியின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்து மறுநாள் தண்ணீரை நன்றாக வடித்தால் சிக்கன் அறுபத்தைந்துக்கும் வறுவலுக்கும் ஒரு குறையும் தெரியாது. எலும்போடு குழம்பு வைத்தால் தெரியும், எலும்பு ஓரம் கறுக்கும், குழம்பில் அந்தக் கொழுப்பின் ருசி இறங்காது. அதனால் எலும்பில்லாத கறிக்கு எல்லா நாளும் பிரேசில், இரண்டு வாரச் சரக்கு எங்கள் உறைபெட்டியில் எப்போதும் இருக்கும், அதற்கு மின்கட்டணம் கூடும், கூடட்டும். குழம்பு வைக்கும் வெள்ளியும் ஞாயிறும் மட்டும் மலேசியக் கோழி. தடை வந்தால் அந்த இரண்டு நாள் முட்டைக் குழம்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்கிறேன். பாமாயில் இந்தோனேசியாவா மலேசியாவா என்பதில் ஒன்றுமில்லை, விலை ஒன்றோடொன்று ஒட்டியே ஓடும், 2022 ஏப்ரல் 28லிருந்து மே 23 வரை இந்தோனேசியா நிறுத்தியபோது மலேசிய எண்ணெயும் சேர்ந்தே ஏறியது. உலகில் அதிகம் சமையல் எண்ணெய் வாங்கும் நாடு இந்தியா, அங்கே வரி இறங்கினால் நமக்கு ஏறும், எண்ணெயில் ஒரு மாதச் சரக்குக்கு மேல் நாங்கள் எதுவும் செய்ய முடியவில்லை. உளுந்தை இந்தியாவே மியன்மாரிலிருந்து வாங்குகிறது, கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பும் ஆஸ்திரேலியா, கனடாவிலிருந்தும் வருபவை, பையில் எந்த ஊர் என்று போட்டிருக்கிறது என்று பார்த்து நேர் விற்பனையாளரிடம் கேளுங்கள், சில சமயம் ஒரு கை குறையும். கீரையும் தக்காளியும் மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து, மழை அதிகமானால் இரண்டு நாள் தட்டுப்பாடு, அதற்கெல்லாம் ஒப்பந்தம் வேண்டாம். ஜொகூர் போய் மலிவாக வாங்கி வரலாமே என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக்கு அளவோடு கொண்டுவரலாம், விற்கும் சமையலுக்கு இறக்குமதி உரிமம் உள்ளவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். அந்த விஷயத்தில் குறுக்கு வழியே வேண்டாம், சாப்பிடுகிறவர் வயிறு நம் பொறுப்பு.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை இந்த ஆண்டுதான் கேட்டுப் பார்த்தோம். சரக்கைப் பிரிக்காமல் ஒப்பந்தத்திலேயே மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்தலாம் என்று ஒரு விதி சேர்ப்பது. ஒரு விடுதி ஒத்துக்கொண்டது, அரிசிக்கும் கோழிக்கும் மட்டும், 5 விழுக்காட்டுக்கு மேல் போகாமல். கப்பல் பட்டறை முடியாது என்றது. இரண்டாவது விடுதி யோசிக்கிறது. எனக்கு இந்த விதியில் முழுமனது இல்லை, ஏனென்றால் அங்கே ஏறும் விலை கடைசியில் தம்பிகளின் சம்பளத்தில் பிடிக்கும் சாப்பாட்டுக் காசில் போய் உட்கார்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அக்கா நேராகவே கேட்டுவிட்டார், "ஏறினதை அவங்ககிட்ட வாங்க மாட்டோம்னு எழுதிக் கொடுங்க, அப்ப நாங்க கையெழுத்துப் போடுறோம்." ஒத்துக்கொண்ட விடுதி எழுதிக் கொடுத்தது.

மீதமிருக்கிற தகராறு சின்ன வெங்காயம். வெள்ளிக்கிழமைச் சாம்பாருக்கு நாட்டுச் சின்ன வெங்காயம்தான் என்று அக்கா நிற்கிறார், நான் தாய்லாந்துச் சின்ன வெங்காயத்தையும் பட்டியலில் போட வேண்டும் என்கிறேன். திங்கட்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு இரண்டு பேரும் பாசிர் பாஞ்சாங் போய் இரண்டிலும் பத்துப் பத்துக் கிலோ எடுக்கிறோம். நாற்பது பேருக்கு ஒரு சாம்பார், இன்னொரு நாற்பது பேருக்கு மற்றது, எது எதென்று டப்பாவில் எழுதப் போவதில்லை. திரும்பி வரும் டப்பாவைக் கழுவுகிற இடத்தில் நானே நிற்பேன்.